ஆளுக்குப் பதில் ஆள்

எங்கள் ஆபீசில் பிரபு என்று ஒரு புரோகிராமர். வாடிக்கையாளர்கள் கூப்பிடுவதற்காக அவனிடம் கம்பெனி செல்போன் ஒன்று இருக்கும். அவன் லீவு போட்டால் அந்தப் போனை எங்களோடு வேலை பார்த்த ஒரு அம்மா எடுப்பார். முதல் தடவை அவர் பேசியதை என் அறைக்குள்ளிருந்து கேட்டபோது எனக்கு டீ புரையேறிவிட்டது.

"பிரபு லீவுங்க. அவருக்குப் பதிலா நான் பேசறேன், சொல்லுங்க. ம்... ம்... சரிங்க. பிரபு இருந்தா 'மத்தியானத்துக்குள்ள பாத்துடறேன்'ம்பாரு. பாக்க மாட்டாரு. நீங்க சாயந்தரம் ஒரு தடவ கூப்பிடுவீங்க. 'அதத்தாங்க பாத்துக்கிட்டிருக்கேன்'ம்பாரு. அதனால நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேல கூப்பிட்டீங்கன்னா சரியா இருக்கும்."

அறையை விட்டு ஓடிவந்தேன். "என்னங்க மேடம், கஸ்டமர்கிட்ட இப்படியா பேசறது?"

"இதவிட நல்லபடியாப் பேசினா, திங்கக்கெழம பிரபு வந்ததும் அந்த மனுஷன் ஏமாந்துடுவாரு சார்" என்றார். முகத்தில் கேலியே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வாடிக்கையாளரோ மறுநாள் பத்து மணிக்கு மேல் சரியாகக் கூப்பிட்டு, "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் படித்துவிட்டு, "என்னப் பத்தி எழுதறதுன்னா என் கொறையெல்லாம் எங்க சார்?" என்று சண்டைக்கு வருவார். அதற்காகவே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டீ குடித்த டம்ளரைக் கழுவ மாட்டார். தயிர்சாதம் தவிர வேறு எது கொண்டுவந்தாலும் பங்கு கொடுக்க மாட்டார். எதிராளி பாதி சொல்லும்போதே மீதியை இவர் சொல்லிவிடுவார், அதுவும் சரியாகச் சொல்லித் தொலைப்பார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, ஆபீஸ் முழுக்கத் தேடுவார்.

எங்கள் கம்பெனி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தம் பதினோரு பேர். நான்தான் முதலாளி. அப்படி யாராவது சொன்னால் என் மனைவி சிரிப்பாள். அவர் எங்களிடம் டெஸ்டராகச் சேர்ந்தவர். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது வேலை. அதற்கு முன்னால் பாபநாசத்தில் ஒரு அறுப்பு மெஷின் புரோக்கரின் ஆபீசில் ஏழு வருடம் போன் எடுத்திருக்கிறார். ஒரு காதில் "மெஷின் எங்கம்மா?" என்று விவசாயி, இன்னொரு காதில் "இதோ வந்துட்டேம்மா" என்று டிரைவர். நடுவில் இவர். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் படித்து எங்களிடம் வந்தார். வயதைப் பார்த்து நான் முதலில் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்த வேலை வெளியாட்களுக்குப் புரிவது கொஞ்சம் கஷ்டம். நாங்கள் எழுதும் எந்தச் செயலியும் தனியாக நிற்காது. ஒரு இடத்தில் இன்னொரு கம்பெனியின் குறுஞ்செய்தி சேவையைக் கூப்பிட்டுக் கேட்கும். இன்னொரு இடத்தில் வானிலைத் தகவல் கொடுப்பவர்களைக் கேட்கும். ஆனால் செயலியைச் சோதிக்கிற நாளில் அவர்கள் யாரும் நமக்குக் கிடைக்க மாட்டார்கள். இன்னும் அனுமதி வந்திருக்காது, அல்லது அவர்களுடைய சேவையே இன்னும் தயாராகியிருக்காது. அவர்கள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் அவர்களைப் போலவே பதில் சொல்கிற ஒரு பொய்ச் சேவையை நாமே எழுதி அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். அதை டம்மி என்போம். அவர் டம்மி எழுதுவதில் கைதேர்ந்தவர். ஆபீஸ் பையன்களும் பெண்களும் அவரை 'டம்மி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

மற்றவர்கள் டம்மி எழுதினால் அரை மணி நேரம்தான். என்ன கேட்டாலும் "சரி" என்று பதில் சொல்லும், அவ்வளவே. அவர் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். குறுஞ்செய்தி சேவைக்கு டம்மி எழுதும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினார். திருவையாற்றுப் படித்துறையில் உட்கார்ந்து தனக்குத் தானே பத்து செய்தி அனுப்பிக்கொண்டார். புதிய பேருந்து நிலையத்தில் பத்து, ரயிலில் போகும்போது பத்து. எது எத்தனை விநாடியில் வந்தது, எது இரண்டு தடவை வந்தது, எது வரவேயில்லை என்று எல்லாம் நோட்டில் இருந்தது. அவருடைய டம்மி அதே அளவுக்குத் தாமதித்தது, அதே அளவுக்குத் தொலைத்தது, எப்போதாவது முந்தாநாள் செய்தியை இன்றைக்குக் கொண்டுவந்து நீட்டியது.

"உங்க டம்மிக்கு உடம்பு சரியில்லையாக்கா?" என்று பிரபு கிண்டல் செய்வான்.

"அசலுக்கு என்ன சீக்கோ, அதே சீக்குதான் இதுக்கும்" என்பார்.

இந்த வியாதி அவருக்கு ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரபுவுக்குக் கல்யாணம் நடந்தது. அவனுக்கு அக்கா தங்கை கிடையாது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மிச்ச முடிச்சை நாத்தனார் போட வேண்டுமே, யார் போடுவது என்று மண்டபத்தில் பேச்சு வந்தது. "டம்மி அக்கா போடட்டும்" என்று எங்கள் கூட்டத்தில் யாரோ சொல்ல, பிரபுவின் அம்மாவும் சரி என்றுவிட்டார். இவர் போய், விளக்குப் பிடித்து, முடிச்சைப் போட்டார். இறுக்கித்தான் போட்டார். அதோடு வந்து உட்கார்ந்திருக்கலாம்.

முதல் பந்தி ஆரம்பித்த சமயம், சமையல்கட்டு வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நாத்தனாரச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட ஒங்க பக்கத்துல ஒரு ஆள் இல்லியா? தாலி முடியறப்ப மட்டும் நான் வேணுமா?"

பெண்ணின் அம்மா நடுங்கிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பிரபு மாலையும் கழுத்துமாக ஓடிவந்தான். கடைசியில் பெண்ணின் மாமா இலை போட்டு, கூடவே நின்று பரிமாறிய பிறகுதான் சமாதானம் ஆயிற்று. கை கழுவும் இடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னங்க இது?" என்றேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு நாத்தனார் இல்லாத கொறை தெரியக் கூடாது பாருங்க சார்" என்றார். பிரபுவின் மனைவி இன்றைக்கும் அவரை அண்ணி என்றுதான் சொல்கிறாள். அவர் எதிரே உட்காரவும் கொஞ்சம் யோசிப்பாள்.

எனக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது, அவர் தன் கணவரைப் பற்றி ஒரு நாள் சொல்லும்வரை. கணவர் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் இவர் மட்டும்தான் போக வேண்டும். போய், அம்மாவாக எல்லாக் கேள்வியும் கேட்டு, மதிப்பெண் பட்டியலை வைத்துச் சண்டை பிடித்துவிட்டு, பிறகு பக்கத்து நாற்காலிக்கு மாறி ஐந்து நிமிஷம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாராம்.

"அது எதுக்குங்க?"

"அது அவர் சார். வந்தார்னா அப்படித்தான் உக்காருவாரு. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு. டீச்சருக்குக்கூடப் பழகிப்போச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவர் எடத்துல நான் அவரவிட நல்ல அப்பாவா நின்னுட்டேன்னா, அவர் ஊருக்கு வர்றப்ப பொண்ணுக்கு அவரப் புடிக்காமப் போயிடும் சார். இப்படியே வெச்சிருந்தாத்தான் வந்து உக்காந்துக்க அவருக்கு எடமிருக்கும்."

அன்றைக்கு எனக்கு மனசு என்னவோ செய்தது. அதற்காக மறுநாள் நான் அவருடைய பேச்சைக் கேட்டு நடந்தேன் என்று நினைக்க வேண்டாம். கேட்கவில்லை. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

பாபநாசத்துக்குத் தெற்கே சில கிராமங்களைச் சேர்ந்த விவசாயிகள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சம்பா அறுவடைக்கு மெஷின் பிடிப்பது அங்கே பெரும்பாடு. பொங்கல் முடிந்ததும் ஒரே நேரத்தில் எல்லா வயலும் பழுத்து நிற்கும். மெஷின்களோ ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். யாருக்குச் சத்தமாகப் பேச வருமோ அவர் வயலுக்கு முதலில் போகும். இதை ஒழுங்குபடுத்த, வரிசைப்படி மெஷினை அனுப்பும் செயலி ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் எங்களிடம் வந்தார்கள். விவசாயி பதிவு செய்வார். முறை வந்ததும் டிரைவரின் போனுக்கு வயலின் வழி போகும். டிரைவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு பட்டனை அழுத்துவார். விவசாயி 'ஆரம்பி' என்று ஒரு பட்டனை அழுத்துவார். அறுப்பு தொடங்கும்.

டிரைவர் அழுத்தும் பட்டனுக்குப் பிரபு வைத்த பெயர் 'வந்துட்டேன்'. பேச்சுத் தமிழில் இருந்தால் டிரைவர்களுக்குச் சுலபம் என்று நான்தான் சொன்னேன்.

எழுதி முடித்தபோது மார்கழி மாதம். வயலில் பயிர் பச்சையாக நின்றது. மெஷின்கள் அங்கே அறுப்புக்குப் போய் எங்கோ ஆந்திராவில் இருந்தன. டிரைவர்கள் இல்லை, அவர்களுடைய வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் சேவையும் இல்லை. எனவே டம்மி தேவைப்பட்டது. அவர் ஐந்து டிரைவர்களை உண்டாக்கினார். ஐந்து பேரும் கம்ப்யூட்டருக்குள் இல்லாத மெஷினை ஓட்டிக்கொண்டு பாபநாசம் சாலையில் போனார்கள், வந்தார்கள். முதல் ஆள் சொன்னபடி செய்பவர். இரண்டாமவர் சாப்பிட்டதும் போனை அணைத்துவிடுவார். மூன்றாமவருக்கு எந்த வழியும் ஒருதரம் தப்பும். ஐந்தாமவருடைய மெஷின் சேற்றில் சிக்கும்.

நாலாம் நம்பர் டிரைவரைத்தான் பிரபுவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்க டம்மியில தப்பு இருக்கு. நாலாம் நம்பர் நாலு கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில நிக்கறப்பவே 'வந்துட்டேன்'னு அழுத்தறான்."

"தப்பு இல்ல பிரபு. அவர் வந்துட்டாரு."

"எங்கக்கா வந்துட்டாரு? டீக்கடையிலல்ல நிக்கறாரு?"

"டீ குடிச்சுட்டுக் கிளம்பப் போறாரு. அதுக்கு நம்ம ஊர்ல என்ன சொல்வாங்க? ஒம் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டா, குளிக்கிற எடத்துலேர்ந்து நீ என்னன்னு கத்துவ?"

பிரபு யோசித்தான். "வந்துட்டேன்னு."

ஆபீசே சிரித்தது. நானும்தான். 'இதோ வந்துட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் செருப்பே மாட்டவில்லை என்று அர்த்தம். நடந்து முடிந்ததைப் போலச் சொல்லி நடக்கப் போவதற்கு உத்தரவாதம் தருகிற ஆட்கள் நாம். ஏழு வருடம் அந்த ஒரு வார்த்தையைப் போனில் கேட்டுக் காது காய்த்துப்போனவர் அவர்.

சிரித்து முடித்ததும் அவர் என் அறைக்கு வந்தார். அந்தப் பட்டனில் 'வயலில் நிற்கிறேன்' என்று எழுத வேண்டும் என்றார். அப்படி யாரும் டீக்கடையிலிருந்து சொல்ல மாட்டார்களாம். மேலும் வண்டி உண்மையிலேயே வயலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பட்டன் வேலை செய்ய வேண்டும் என்றார். அதைச் செய்யப் பிரபு இரண்டு வாரம் டைம் கேட்டான். நான் சங்கத்தாருக்குப் பொங்கலுக்கு முன்னால் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

போதாததற்கு என்னுடைய விதி ஒன்றும் செயலியில் இருந்தது. டிரைவர் 'வந்துட்டேன்' அழுத்தி அரை மணிக்குள் விவசாயி 'ஆரம்பி' அழுத்தாவிட்டால், அவர் இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொண்டு மெஷினை அடுத்த வயலுக்கு அனுப்பிவிடும். முறை தவறியவர் வரிசையின் கடைசிக்குப் போவார். மெஷின் சும்மா நிற்கக் கூடாதென்று நான் மெனக்கெட்டு யோசித்த விதி அது. நாலாம் நம்பர் இருந்தால் அந்த விதி தாறுமாறாகப் போயிற்று.

"சங்கத்தார் முன்னாடி இத ஓட்டிக் காட்ட முடியாது. நாலாம் நம்பரக் கொஞ்சம் நல்லவனா மாத்திடுங்க மேடம்" என்றேன்.

"மாத்த மாட்டேன் சார்."

"ரெண்டு வரி மாத்தறதுல என்னங்க?"

"வேணும்னா ஆளையே எடுத்துடறேன். இப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு நீங்க சொல்லிக்கங்க. ஆனா அவன நல்லவனாக் காட்ட என்னால முடியாது."

"சரி, எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார். சங்கத்தாருக்குக் காட்டிய நாளன்று எல்லாப் பக்கமும் பச்சை டிக். சங்கத் தலைவர் கைதட்டினார். கீழே பேக்கரியிலிருந்து கேக் வரவழைத்து வெட்டினோம். டம்மி அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தை பிறந்து அறுப்பு ஆரம்பித்தது. முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் காலையில் கலியமூர்த்தி என்பவரின் முறை. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அன்று காலை வானிலைச் செய்தியில், மறுநாள் மாலை முதல் மழை என்று சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் மழை வந்தால் முற்றின கதிர் நேராகச் சேற்றில் சாயும், சாய்ந்த நெல் இரண்டு நாளில் முளைக்கும். அன்றைக்கே அறுத்துவிட வேண்டும்.

கலியமூர்த்தி வரப்பில் காத்திருந்தார். ஒன்பதரை மணிக்கு அவர் போனுக்கு, மெஷின் உங்கள் வயலுக்கு வந்துவிட்டது, அரை மணிக்குள் 'ஆரம்பி' என்பதை அழுத்தவும் என்று செய்தி போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சாலை காலியாக இருந்தது. மெஷின் வராமல் ஆரம்பி என்று எப்படி அழுத்துவது? அது பொய்யல்லவா? அவர் அழுத்தவில்லை. பத்து மணிக்கு, உங்கள் முறை முடிந்தது என்று அடுத்த செய்தி போனது.

டிரைவர் மெயின்ரோட்டு டீக்கடையில் டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறியபோது அவர் போனில் வேறொரு வயல் தெரிந்தது. அவர் அதற்குப் போனார்.

நான் திரையில் பச்சை டிக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்மி அக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"சார், நாலாம் நம்பர் வந்துட்டான்" என்றார்.

எனக்குப் புரிந்து எழுந்திருப்பதற்குள் அவர் டிரைவரைப் போனில் பிடித்துவிட்டார். "அறுக்க ஆரம்பிச்சுட்டேம்மா, இப்ப எப்படி எறங்கறது?" என்றார் டிரைவர். பிறகு இவர் வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுப் பார்த்தார். மழை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு யார் தன் முறையை விட்டுக் கொடுப்பார்? பழைய புரோக்கர்கள் ஐந்தாறு பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். ஒரு மெஷினும் மிச்சமில்லை. மாலைவரை போனைக் கீழே வைக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது. நான் பக்கத்தில் நின்று, சங்கத் தலைவரிடமும் மற்றவர்களிடமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி மறுநாள் மாலை மழை பிடித்தது. ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. ஒன்பது மாவும் படுத்துவிட்டது.

விடிந்ததும் யாராவது போய் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். திருச்சியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தள்ளிப்போட முடிகிற வேலைதான்.

"மேடம், எனக்குப் பதிலா நீங்க ஒரு எட்டுப் போய் அவரப் பாத்துட்டு வந்துடறீங்களா?"

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "உங்களுக்குப் பதிலாவா சார்? இல்ல, நானாப் போகவா?"

நான் காரில் ஏறுகிற அவசரத்தில் இருந்தேன். "எனக்குப் பதிலாத்தாங்க. கம்பெனி சார்பா."

"சரிங்க சார்."

அன்று மாலை நான் திரும்பி வந்தபோது அவர் வந்து உட்கார்ந்திருந்தார். சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது.

"என்னங்க சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் எழுந்து நின்றார். இடது கையைத் திருப்பி, கட்டியிராத வாட்சைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் அவசரமாக, எதிராளியின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி சொன்னார்: "டிரைவர் முன்கூட்டியே பட்டன அழுத்திட்டாருங்க. ரூல்படி சிஸ்டம் சரியாத்தான் போயிருக்கு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

என் குரல். என் வாட்ச். இரண்டு நாளாகப் போனில் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

"இதையா அந்த ஆள்கிட்டப் போய்ச் சொன்னீங்க?" கத்திவிட்டேன். "ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாதா?"

"நானாப் போயிருந்தா கேட்டிருப்பேன் சார்" என்றார் கட்டிப்போன தொண்டையில். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவமானமாக இருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, இலையில் சோறு விழுந்த பிறகு கை வைக்க முடியவில்லை.

அவர் அதன் பிறகும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். பட்டனின் பெயரை அந்த வாரமே மாற்றினோம், என் அரை மணி விதியைத் தூக்கினோம். நாலாம் நம்பரைத் திரும்பச் சேர்த்தார், பழைய குணத்தோடு. மகள் பள்ளி முடித்ததும் கணவரிடம் சிங்கப்பூருக்குப் போனார். வழியனுப்பும்போது, எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதை வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும் சார்" என்றார். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு விமான நிலையம் வருவதில்லை. அவர் என் குரலில் பேசிக் காட்டியதற்கு மறுநாள் காலை அந்த வயலுக்கு நான் போனதுதான் வருகிறது.

பாபநாசம் தாண்டி, மண் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். கலியமூர்த்தியும் அவர் மனைவியும் இன்னும் நான்கு பெண்களும் முழங்கால் தண்ணீரில் குனிந்து, கிடக்கிற கதிரைக் கையால் தூக்கி அறுத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் இறங்க முடியாது. கதிரில் பாதி அதற்குள் கறுத்திருந்தது. ஈர நெல்லின் புளித்த வாடை வரப்பு வரை வந்தது.

"கலியமூர்த்திங்களா? நான்தாங்க அந்த ஆப் கம்பெனிக்காரன்."

"வாங்க" என்றார். அறுப்பதை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் மன்னிப்பைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "அது வந்துங்க... டிரைவர் என்ன பண்ணிட்டாருன்னா..."

"முன்கூட்டியே பட்டன அழுத்திட்டாரு" என்றார் அவர், குனிந்தபடியே. "ரூல்படி சிஸ்டம் சரியாத்தான் போயிருக்கு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். அதானேங்க? நேத்தே ஒரு அம்மா வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு."

குரலில் கோபமே இல்லை. சொல்லுவதற்கு என்னிடம் அந்த வாக்கியம் மிச்சமில்லை. டம்மி அக்கா அதை நேற்றே கொண்டுவந்து இங்கே தீர்த்துவிட்டுப் போயிருந்தார்.

"அந்த ரூலப் போட்டது நான்தாங்க" என்றேன். "இப்படி ஆகும்னு அந்தம்மா முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கேக்கல. டிரைவர் மேல தப்பு இல்ல. என் மேலதான். மன்னிச்சுக்கங்க."

அவர் அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் மனைவியும் அறுப்பதை நிறுத்தியிருந்தார்.

"நேத்து அந்தம்மா கிளம்பிப் பாதி வரப்பு போயிட்டு, திரும்ப வந்துச்சு" என்றார். "'இவ்வளவு நேரம் எங்க சாருக்காகப் பேசினேன். இத நானாச் சொல்றேன். அவர் கெட்டவர் இல்ல. நாளைக்கு அவரே வருவாரு'ன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் நம்பலீங்க."